மறுப்புக்கு எத்தனை சொற்கள்? ஹைதராபாத் ஸ்பானிய வகுப்பறைகளை முன்வைத்து ஒரு மறுப்பு

ஸ்பானிய மொழியில் மறுப்பைச் சொல்லச் சரியான வினை எது? ஹைதராபாதில் ஸ்பானியம் பயிலும் மாணவர்கள் முதலாண்டிலேயே எழுப்பும் இந்த வினாவுக்கு, வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றுதான். ஆங்கிலத்தின் 'ரெஃப்யூஸ்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதற்கெதிரே நெகார், நெகார்சே, ரெச்சசார், ரெஉசார், தெனெகார் என ஐந்து வினைகளை அடுக்கி, "இவை ஒருபொருட் பன்மொழிகள், சூழலுக்கேற்பத் தேர்ந்துகொள்க" என்று முடித்துவிடுவது. சூழல் என்பது யாது, அதை எவ்வாறு அறிவது என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை.

இந்த விடை தவறானது என்பதும், தவறு ஸ்பானிய மொழியில் இல்லை, அதை அணுக நாம் தெரிவு செய்த வாயிலில் இருக்கிறது என்பதும் இப்பதிவின் வாதம். தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் நிறைந்த ஒரு நகரத்தில், மூன்றாம் மொழி ஒன்றின் வழியாக மட்டுமே நான்காம் மொழியைக் கற்பிப்பது நடுநிலை போலத் தோன்றும். உண்மையில் அது மாணவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றை மறக்கச் செய்து, பிறகு அதையே கடினமான பாடமாகத் திருப்பி விற்கும் வணிகம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'நெகார்' என்பதற்கு அடிப்படைப் பொருள் 'இல்லை எனல்'. குற்றச்சாட்டை ஒருவர் நெகார் செய்தால், அது உண்மையன்று என்கிறார். ஒருவருக்கு அனுமதியை நெகார் செய்தால், அதைக் கொடுக்கவில்லை. இதே வினை 'செ' என்னும் தற்சுட்டு உருபையும் 'ஆ' என்னும் முன்னுருபையும் பெற்று 'செ நெகோ ஆ வெனீர்' என்றாகும்போது, 'வர மறுத்தான்' என்று பொருள்படும். அந்தச் சிறிய 'செ'யை விட்டுவிட்டு 'நெகோ வெனீர்' என்று எழுதினால் வாக்கியம் தடுமாறிவிடும். ஆங்கில வழியில் பயின்ற மாணவரின் விடைத்தாளில் மிகுதியாகக் காணக்கூடிய பிழை இதுவே.

இப்போது தமிழைப் பாருங்கள். குற்றச்சாட்டை மறுத்தான். அனுமதி மறுத்தான். வர மறுத்தான். மூன்றிலும் ஒரே வினை. ஸ்பானியத்தில் நெகார் எந்த மூன்று வேலைகளைச் செய்கிறதோ, அதே மூன்று வேலைகளைத் தமிழின் 'மறு' செய்கிறது. உருதுவிலும் இந்தியிலும் 'இன்கார்' என்ற சொல் குற்றச்சாட்டுக்கும் வரும். வர மாட்டேன் என்பதற்கும் வரும். இவற்றை இரண்டு தனிச் சொற்களாகப் பிரித்து வைத்திருப்பது ஆங்கிலம். அங்கே உண்மையை மறுப்பதற்கு ஒரு வினை, செயலை மறுப்பதற்கு வேறொரு வினை. ஆகவே ஆங்கிலத்தின் வழியே வரும் மாணவருக்கு, "நெகார் என்பதற்கு ஏன் இத்தனை பொருள்கள்?" என்ற திகைப்பு ஏற்படுகிறது. தமிழ் வழியே வந்திருந்தால் அத்திகைப்பே எழுந்திராது. 'மறு' என்பதை அப்படியே கொண்டுவந்து, செயலை மறுக்கும்போது மட்டும் 'செ' சேர்க்க வேண்டும் என்ற ஒரே விதியைக் கற்றிருந்தால் போதும்.

எஞ்சிய வினைகளுக்கு வருவோம். 'தெனெகார்' அலுவலகத்தின் சொல். விண்ணப்பம், நுழைவிசைவு, பிணை போன்றவற்றை அதிகாரம் உடைய ஓர் அமைப்பு தர மறுக்கும்போது வருவது. நண்பன் வீட்டுக்கு வர மறுத்ததற்கு இதைப் பயன்படுத்தினால் நகைப்புக்கிடமாகும். 'ரெச்சசார்' முன்வைக்கப்பட்ட ஒன்றைத் தள்ளுவது. முன்மொழிவு, அழைப்பு, பரிசு, கருத்து என எதுவாகவும் இருக்கலாம். நமது 'நிராகரித்தல்' இதற்கு மிக அணுக்கமானது. 'ரெஉசார்' எழுத்துநடையின் வாடை கொண்டது. ஸ்பெயினில் அது நேராகச் செயப்படுபொருளை ஏற்கும். இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் நெகார்சேவைப் போலவே 'செ', 'ஆ' ஆகியவற்றுடன் வழங்குகிறது. 'தெக்லினார்' மரியாதையுடன் விலக்குவது. அழைப்பிதழுக்குப் பதில் எழுதுவோர் நாடுவது. இவற்றின் எல்லைகள் சில இடங்களில் ஒன்றோடொன்று கலக்கும். ஆயினும் ஒருபொருட் பன்மொழி என்று ஒரே கூடையில் கொட்டிவிடத் தக்கவை அல்ல.

இவற்றுள் எதைத் தெரிவது என்பதற்கு ஒரு தெளிவான வழி உண்டு. மறுக்கப்படுவது யாது என்று கேளுங்கள். அது ஒரு செய்தியா, ஒரு செயலா, ஒரு பொருளா, ஓர் அனுமதியா? தமிழ் பேசுபவர் இந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் தம்மை அறியாமலே கேட்டு விடையும் காண்கிறார். செய்தியை மறுக்க 'இல்லை'. செயலை மறுக்க 'மாட்டேன்'. நீட்டப்பட்ட பொருளை மறுக்க 'வேண்டாம்'. அனுமதியை மறுக்க 'கூடாது'. தெலுங்கில் முறையே லேது, ரானு போன்ற எதிர்மறை வினைமுற்று, வத்து, கூடது. ஸ்பானியத்திலோ இந்நான்குக்கும் 'நோ' என்ற ஒற்றைச் சொல்லே உள்ளது. வேறுபாட்டை அது வினைகளில் வைத்திருக்கிறது. நாம் எதிர்மறைச் சொற்களில் வைத்திருக்கிறோம். ஒருவர் வீட்டில் நான்கு அறைகள். மற்றவர் வீட்டில் அலமாரிக்குள் நான்கு தட்டுகள். இல்லை என்ற தட்டில் நெகார், மாட்டேன் என்ற தட்டில் நெகார்சே, வேண்டாம் என்ற தட்டில் ரெச்சசாரும் தெக்லினாரும், கூடாது என்ற தட்டில் தெனெகார். முழுமையான இலக்கணம் அன்று இது. ஆனால் முதலாண்டு மாணவருக்கு 'சூழலுக்கேற்ப' என்ற வெற்றுச் சொல்லைவிட நூறு மடங்கு பயனுள்ள தொடக்கம்.

ஆனால் இவை யாவும் இரண்டாம் நிலைச் செய்திகளே. அன்றாட ஸ்பானியத்தில் மறுப்பைச் சொல்லும் மிக இயல்பான வழி மேற்சொன்ன ஐந்து வினைகளில் ஒன்றுகூட அன்று. 'நோ கிஸோ வெனீர்' என்பதே அது. 'கேரெர்', அதாவது விரும்புதல் என்ற வினை, தொடர் இறந்தகாலத்தில் 'நோ கேரியா வெனீர்' என்று வந்தால், வர விருப்பமில்லாமல் இருந்தான் என்று பொருள். வந்தானா இல்லையா என்பது தெரியாது. விருப்பமின்றியே வந்திருக்கவும் கூடும். அதே வினை முடிவுற்ற இறந்தகாலத்தில் 'நோ கிஸோ வெனீர்' என்று வந்தால், அழைக்கப்பட்டான், வர மாட்டேன் என்றான், வரவில்லை என்று பொருள். விருப்பமின்மை ஒரு நிலை; மறுப்பு ஒரு நிகழ்வு. ஸ்பானியம் இவ்வேறுபாட்டை ஒரு காலவிகுதியால் காட்டுகிறது. 'மறு' என்பதற்கு இணையான சொல்லை அகராதியில் தேடுபவர் இதை ஒருபோதும் கண்டடைய மாட்டார். ஏனெனில் இது அகராதியில் இல்லை. வினைமுற்றின் வாலில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழ் எவ்வாறு காட்டுகிறது? 'வர விரும்பவில்லை' ஒரு நிலை. 'வரமாட்டேன் என்றான்' ஒரு நிகழ்வு. தமிழ் மறுப்பை ஒரு கூற்றாக, மறுத்தவரின் வாயிலிருந்து வந்த சொல்லாக வைத்துக் காட்டுகிறது. தெலுங்கின் 'ரானன்னாடு' என்பதும் அதே கட்டமைப்பே: ரானு, அன்னாடு, 'வரேன் என்றான்' என்ற எதிர்மறைக் கூற்று. இந்தக் கூற்று வடிவம் நம் மனத்தில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்றால், உயிரற்ற பொருள்களுக்கும் நாம் வாயைக் கொடுத்துவிடுகிறோம். கதவு திறக்கமாட்டேன் என்கிறது. வண்டி கிளம்பமாட்டேன் என்கிறது. ஸ்பானியர் அதே வண்டியைப் பற்றி 'நோ கியேரே அர்ரன்கார்', கிளம்ப விரும்பவில்லை என்பார். நம் வண்டி பேசுகிறது. அவர்கள் வண்டி விரும்புகிறது. இரு மொழியினரும் வண்டிக்கு ஓர் உயிரைக் கொடுத்தே அதன் மறுப்பைச் சொல்கின்றனர். இதை வகுப்பில் ஒருமுறை சொன்னால் எந்த மாணவரும் மறப்பாரா?

மறவாமல் சொல்ல வேண்டிய இன்னொன்று, இயலாமை மறுப்பாகும் பாதை. இன்று உறுதியான மறுப்பாக ஒலிக்கும் 'மாட்டேன்', பழந்தமிழில் 'வல்லேன் அல்லேன்' என்ற பொருளுடையது; மாட்டுதல் என்றால் இயலுதல். இயலாமை காலப்போக்கில் இசையாமையாக இறுகியது. இன்று 'முடியாது' என்ற சொல் அதே பாதையில் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. 'வர முடியவில்லை' என்பது வருத்தம். 'வர முடியாது' என்பது சவால். ஸ்பானியத்தில் 'நோ புவேதோ', அதாவது 'என்னால் இயலாது', பணிவான மறுப்பு. 'நோ கியேரோ', அதாவது 'விரும்பவில்லை', கடுமையானது. எனவே சினத்துடன் 'முடியாது' என்று சொல்ல எண்ணும் தமிழ் மாணவர் 'நோ புவேதோ' என்றால், எதிரே இருப்பவர் அவர்மீது இரக்கம் கொள்வார். விருந்தில் பணிவாக 'வேண்டாம்' என்று சொல்ல எண்ணி 'நோ கியேரோ' என்றால், விருந்தளித்தவர் முகம் சுருங்கும். அங்கே சொல்ல வேண்டியது 'நோ, கிராசியாஸ்' மட்டுமே. இப்பிழைகள் எவற்றையும் ஆங்கில வழிப் பாடத்தால் முன்கூட்டி உணர முடியாது. தமிழில் எங்கே வழுக்கும் என்று தெரிந்தவரால் மட்டுமே வேலி போட முடியும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அவற்றுள் வலிமையானது இது: ஹைதராபாத் வகுப்பறையில் தெலுங்கர், தமிழர், மலையாளி, வங்காளி, மணிப்புரி, உருது பேசுவோர் என எல்லோரும் அமர்ந்திருக்கின்றனர், ஆசிரியர் அத்தனை மொழிகளையும் அறிந்திருக்க இயலாது, ஆங்கிலமே பொதுப்பாலம். இதில் உண்மை உண்டு. ஆனால் பாலம் என்பது கடந்து செல்வதற்கு. அதன் மீதே குடியிருப்பதற்கு அன்று. "உங்கள் மொழியில் மறுப்பை எத்தனை வகையாகச் சொல்வீர்கள்?" என்று மாணவர்களிடம் கேட்க ஆசிரியர் அவர்கள் மொழியை அறிந்திருக்கத் தேவையில்லை. சார்மினாரைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒலிக்கும் தக்கினியின் 'நக்கோ' ஒன்றைப் பலகையில் எழுதினாலே போதும். மராத்தியின் 'நகோ' தக்காணத்து உருதுவில் குடியேறி, இந்நகரத்தின் முத்திரையாகவே ஆகிவிட்ட சொல் அது. ஒரு மொழியின் மறுப்பு இன்னொரு மொழிக்குள் எப்படிப் போகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் மத்ரீதிலும் கிடைக்காது.

இரண்டாவது வாதம், இது உலக நடைமுறை என்பது. அன்று. நம் பாடத்திட்டங்கள் வழிகாட்டியாகக் கொள்ளும் ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகமே, 2001-ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து, கற்பவரின் எல்லா மொழிகளையும் ஒரே வளமாகக் கருதச் சொல்கிறது. 2020-இல் வெளியான அதன் துணைத் தொகுதி இதை மேலும் விரித்துப் பேசுகிறது. ஏ ஒன்று, பி இரண்டு என்ற படிநிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் அடியில் உள்ள கொள்கையை விட்டுவிட்டோம்.

மூன்றாவது, தமிழுக்கும் ஐபீரிய மொழிகளுக்கும் நேர்ப் பாதையே இல்லை என்பது. இது வரலாற்றை அறியாத கூற்று. போர்த்துக்கேயம் ஸ்பானியத்தின் உடன்பிறப்பு. 'நெகார்' அதிலும் உண்டு. அன்றிக்கே அடிகளார் 16-ஆம் நூற்றாண்டிலேயே தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துக்கேய அகராதி 1679-இல் அம்பழக்காட்டில் அச்சேறியது. ஆங்கிலம் இடையில் நிற்காமலே தமிழ்ச் சொற்கள் ஓர் ஐபீரிய மொழியின் எதிரே அமர்ந்து முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஹைதராபாதில் 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 1972-இல் அயல்மொழிகளையும் பெயரில் சேர்த்துக்கொண்டு, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் பெயரில் ஆங்கிலம் இருக்கிறது, அயல்மொழிகள் இருக்கின்றன, மாணவரின் தாய்மொழிக்கு இடமில்லை. பெயரைக் குறை கூறவில்லை. ஆனால் ஒரு காலத்தின் கற்பனை எங்கே முடிந்தது என்பதைப் பெயர்கள் காட்டிவிடும்.

"ஒரு சொல் தவறினால் என்ன குடிமுழுகிப்போகும்?" என்பவர்களுக்காக இனி வரும் பகுதி.

இந்நகரில் ஸ்பானியம் கற்பவர் பலர் செல்லுமிடம் இலக்கியத் துறை அன்று. கச்சிபௌலியிலும் மாதாப்பூரிலும் உள்ள நிறுவனங்கள். அங்கே ஒருவருடைய காப்பீட்டுக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்ற கடிதத்தை எழுதுவதும், எங்கோ ஒரு பெண் தட்டச்சு செய்த முறையீட்டைப் படித்து வகைப்படுத்துவதும் அவர்கள் பணியாகலாம். 'நோ கிஸே' என்று அவள் எழுதியிருந்தால், 'எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது' என்று வாசிப்பதா, 'நான் மறுத்தேன்' என்று வாசிப்பதா? முன்னது உணர்வு, பின்னது சாட்சியம். ஒரு விகுதி வேறுபாட்டில் ஒரு சாட்சியம் உணர்வாக நீர்த்துவிடும்.

மறுப்பின் சொல் நீதிமன்றத்தில் எவ்வளவு எடையுள்ளது என்பதை ஸ்பெயின் அண்மையில்தான் கண்டது. 2016-இல் பம்ப்லோனா நகரத் திருவிழாவின்போது ஐவர் ஓர் இளம்பெண்ணுக்கு இழைத்த கொடுமையை, 2018-இல் நவார்ரா நீதிமன்றம் பாலியல் முறைகேடு என்ற குறைந்த குற்றமாகவே கொண்டது. வீதிகள் 'நோ எஸ் நோ' என்று முழங்கின. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை வன்புணர்வு எனத் தீர்த்துத் தண்டனையைப் பதினைந்து ஆண்டுகளாக உயர்த்தியது. 2022-இல் வந்த சட்டத்தை மக்கள் 'சோலோ ஸீ எஸ் ஸீ', 'ஆம் என்பது மட்டுமே ஆம்' என்றழைத்தனர். அதன் தண்டனை விதிகள் 2023-இல் திருத்தப்பட்டன என்றாலும், தெளிவாகக் காட்டப்பட்ட இசைவே இசைவு என்ற வரையறை நின்றது. கேள்வி 'அவள் மறுத்தாளா?' என்பதிலிருந்து 'அவள் இசைந்தாளா?' என்பதற்கு நகர்ந்தது.

நம் நாட்டிலும் 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் இசைவு என்பதை ஐயத்துக்கிடமற்ற, தன்னியல்பான உடன்பாடு என்று வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. ஆயினும் 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம், வலுவற்ற ஓர் 'இல்லை' சில வேளைகளில் 'ஆம்' ஆகக்கூடும் என்ற பொருள்படக் கருத்துரைத்து, கீழமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவரை விடுவித்தது. முறையிட்டவர் ஓர் ஆய்வு மாணவி. மறுப்பின் அளவை எடைபோடும் உரிமையை, மறுத்தவரிடமிருந்து கேட்டவர் எடுத்துக்கொள்ளும்போது என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே நம் பண்பாட்டையும் கூண்டில் ஏற்றியே ஆக வேண்டும். இலை முன் அமர்ந்தவர் 'வேண்டாம்' என்றால் நாம் நிறுத்துவதில்லை. இன்னொரு கரண்டி இடுவதே உபசாரம். இலத்தீன் அமெரிக்க ஸ்பானியத்தில் மறுப்புகளை ஆராய்ந்தோரும், அழைப்பை ஒருமுறை மறுத்தபின் மீண்டும் வற்புறுத்துவது அங்கே எதிர்பார்க்கப்படும் மரியாதை என்று காட்டியுள்ளனர். இரு பண்பாடுகளும் முதல் மறுப்பை முழு மறுப்பாகக் கொள்ளாத பண்பாடுகள். இலையில் இது அன்பு. உடலில் இது குற்றம். எந்த மறுப்பு சடங்கு, எந்த மறுப்பு எல்லை என்று பிரித்தறியக் கற்பிப்பது மொழிப்பாடத்தின் வேலை அன்று என்றால், அது வேறு எந்தப் பாடத்தின் வேலை?

இப்பிரிப்பு நமக்குப் புதிதும் அன்று. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் விடைகளை எட்டு வகையாகப் பகுத்தார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. 'இது செய்வாயா?' என்ற வினாவுக்குச் 'செய்யேன்' என்பது நேரடி மறை. 'நீயே செய்' என்பது ஏவல். 'உடம்பு நொந்தது' என்பது உற்றது உரைத்தல். 'உடம்பு நோகும்' என்பது உறுவது கூறல். 'மற்றையதைச் செய்வேன்' என்பது இனமொழி. மறை ஒன்றில் மட்டுமே மறுப்பு வெளிப்படை; பின்னைய நான்கிலும் 'இல்லை' என்ற சொல்லே இல்லை; ஆயினும் நான்கும் மறுப்பாகும். நேரடியாகச் சொல்லாத மறுப்பும் மறுப்பே என்று இலக்கணம் எழுதியவர் மரபில் வந்தவர்கள் நாம். நேரடி மறுப்பு, மறைமுக மறுப்பு என்று பயன்வழி மொழியியலார் 1990-களில் வகுத்த பகுப்புகளை மேற்கோள் காட்டும் நம் ஆய்வேடுகள், பள்ளியில் மனனம் செய்த இந்த எட்டையும் ஓர் அடிக்குறிப்பில்கூட நினைப்பதில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, 'ரெஃப்யூஸ்' என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் ஸ்பானிய வினைகளை அடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, மறுக்கப்படுவது செய்தியா, செயலா, பொருளா, அனுமதியா என்ற பகுப்பில் கற்பியுங்கள். இரண்டு, 'நோ கிஸோ', 'நோ கேரியா' வேறுபாட்டை இறந்தகாலப் பாடத்தின் விதிவிலக்குப் பட்டியலிலிருந்து மீட்டு, மறுப்புப் பாடத்தின் நடுவில் வையுங்கள். மூன்று, ஸ்பானியத் துறைகளில் ஆய்வு செய்யும் தமிழ், தெலுங்கு, உருது மாணவர்கள் தத்தம் மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு நேராகச் செல்லும் மறுப்புச் சொற்றொகுதி ஒன்றைக் கூட்டாக உருவாக்கட்டும். இருநூறு வாக்கியங்கள் போதும். ஒரு பருவத்தின் பணி. இதற்குப் பெருநிதியோ புதுத்துறையோ தேவையில்லை.

இவற்றை மறுப்போர் மறுக்கலாம். ஆனால் எவ்வகையில் மறுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நான் கூறிய செய்தி பொய் என்றால் 'இல்லை' என்று சொல்லிச் சான்று தாருங்கள். செய்ய விருப்பமில்லை என்றால் 'மாட்டோம்' என்று சொல்லுங்கள். விதி இடந்தரவில்லை என்றால் 'கூடாது' என்று சொல்லி விதியைக் காட்டுங்கள். 'பரிசீலிக்கப்படும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லுக்கு எந்த மொழியிலும் நேரான வினை கிடையாது.